கருவிக்கு முன் ஆசிரியரைக் கேட்க வேண்டும்

பாடப்பொருளை மாணவரின் கண்ணெதிரே முப்பரிமாணத்தில் நிறுத்திக் காட்டும் மிகைமெய்ம்மைக் கண்ணாடிகள் பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. ஆசிரியர்கள் இவற்றைத் தயக்கத்துடன் நோக்குகின்றனர் என்ற குறையும் உடனெழுகிறது. அத்தயக்கத்தை அறியாமை என ஒதுக்கிவிடலாமா என்பதே நமது வினா.

இக்கருவியின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிக் கடலடியில் ஆழ்பள்ளத்தாக்கு ஒன்று நீண்டு கிடக்கிறது. கரையிலேயே வாழும் மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் அதனைக் கண்ணாற் காண வழியில்லை. அதனை வகுப்பறைக்குக் கொணரும் கண்ணாடி வரவேற்கத்தக்கதே.

ஆயினும், ஆசிரியர்களின் தயக்கம் அனுபவத்தில் விளைந்தது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சொந்தக் கையடக்கத் தொலைபேசியில், சொந்தச் செலவில் கற்பித்தவர்கள் பலர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. அது தொழில்நுட்பத்திற்கு எதிரான போராட்டமன்று. உழைப்புக்கு உரிய மதிப்பைக் கோரிய போராட்டமாகும்.

கருவிகளின் ஆயுளும் கவனத்திற்குரியது. கூகுள் நிறுவனம் தனது கண்ணாடியைப் பொதுமக்களுக்கு விற்பதை 2015இல் நிறுத்தியது. தொழில்துறைக்கான பதிப்பையும் 2023இல் கைவிட்டது. மைக்ரோசொப்டின் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024இல் முடிவுக்கு வந்தது. உற்பத்தியாளரே கைவிடும் கருவியைப் பழுதுபார்ப்பது யார்? கண்ணாடியிலுள்ள கமரா பதிவுசெய்யும் பிள்ளைகளின் முகங்களுக்குப் பொறுப்பு யார்? தமிழ்மொழி மூலப் பாடங்களை அதற்கென ஆக்குவது யார்? இவற்றைக் கேட்கும் ஆசிரியரைப் பிற்போக்காளர் எனக் கூறலாகாது.

2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாலம் நிர்மாணிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை, படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலை சென்ற பிள்ளைகளும் உயிரிழந்தனர். பாடசாலைக்குப் பாதுகாப்பாகச் சென்றுசேரும் வழியே முதற் கல்விச் சாதனம் என்பதை இம்மாவட்டத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அறிவர்.

அதே வேளை, முற்றாக மறுப்பதும் தீர்வாகாது. ஆசிரியர் மறுக்கும் கருவி வசதி படைத்தோரின் தனியார் வகுப்புகளுக்கே முதலிற் சென்றடையும். ஏழை மாணவர் மேலும் பின்தங்குவர். தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக வேண்டுமேயன்றி மாற்றாகக் கூடாது என யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டறிக்கையும் வலியுறுத்தியது.

எனவே, கொள்வனவுக்கு முன்னரே ஆசிரியர்களுடன் கலந்தாலோசித்து, பயிற்சியும் அதற்குரிய நேரமும் வழங்கி, சில பாடசாலைகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்குவதே முறையாகும். ஆசிரியரின் நம்பிக்கையைப் பெறாத கருவி அலுமாரியிலேயே உறங்கும். கல்வி அதிகாரிகள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.