ஆப்பில் புக் பண்ணிய வண்டிதானே?

“ஆப்பில் புக் பண்ணிய வண்டிதானே, என்ன பயம்?” இரவில் தனியாகக் கிளம்பும் ஒருவரை வழியனுப்பும்போது நகரத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டிரைவரின் பெயர், படம், வண்டி நம்பர் எல்லாம் கைபேசியில் தெரிவதால், தெருமுனையில் கைகாட்டி ஏறும் வண்டியைவிட இது பத்திரமானது என்பது வாதம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊபர் நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அமெரிக்கப் பாதுகாப்பு அறிக்கைப்படி, 2017, 2018 ஆகிய ஆண்டுகளின் பயணங்களில் 99.9 விழுக்காடு எந்தப் பாதுகாப்புப் புகாரும் இல்லாமல் முடிந்தன. அதே அறிக்கையில்தான், அந்த இரண்டு ஆண்டுகளில் பயணிகளும் டிரைவர்களும் அளித்த 5,981 பாலியல் அத்துமீறல் புகார்களும் இருந்தன. பயணத்தைப் பதிவுசெய்வதையும் பயணியைக் காப்பதையும் ஒன்றாக எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

டிரைவரின் பின்னணியை விசாரித்துத்தான் நிறுவனம் சேர்த்திருக்கும் என்பது முதல் நம்பிக்கை. 2014 டிசம்பர் 5 இரவு டெல்லியில் ஊபர் காரில் வீடு திரும்பிய இளம்பெண்ணை அந்த வண்டியின் டிரைவரே வன்கொடுமை செய்தார். அவர் ஏற்கெனவே பாலியல் வன்முறை வழக்கில் சிறையில் இருந்தவர். அவர் பெயரில் இருந்த காவல்துறை நன்னடத்தைச் சான்று போலி. 2015 நவம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வன்கொடுமைக்கு ஆளான நிலையிலும் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்தவர் அந்தப் பெண்தான். ஊபர் தன் இந்தியச் செயலியில் அவசர உதவிப் பொத்தானைச் சேர்த்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, 2015இல்.

சரி, படத்தில் இருப்பவர்தானே வண்டி ஓட்டிவருவார்? லண்டனில் அப்படி வரவில்லை. வேறொருவரின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றி, அனுமதி பெறாத டிரைவர்கள் குறைந்தது 14,000 பயணங்களை ஓட்டியிருந்ததாக அந்நகரப் போக்குவரத்து ஆணையம் 2019 நவம்பரில் அறிவித்து, ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2018 மே மாதம் சீனாவின் ஜெங்ஜோ நகரில் 21 வயது விமானப் பணிப்பெண் ஒருவர் தீதீ நிறுவனத்தின் சேவை வழியாக ஏறிய காரில் கொல்லப்பட்டார். டிரைவர் பயன்படுத்தியது தன் தந்தையின் கணக்கை. ஆகவே முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆள் மாறியிருந்தால் ஏறக் கூடாது. “அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, அதான் நான் வந்தேன்” என்ற விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பயணம் பதிவாவது இன்னொருவர் பெயரில்.

வந்து நிற்கும் வண்டியே நாம் அழைத்ததுதானா என்பதும் கேள்வி. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தான் அழைத்த ஊபர் என்று நினைத்து ஒரு கருப்பு செவ்ரோலே காரில் ஏறினார். அது எந்த நிறுவனத்தின் வண்டியும் அல்ல. உள்ளிருந்து திறக்க முடியாதபடி பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்ததாகப் போலீசார் தெரிவித்தனர். மாணவி கொல்லப்பட்டார். அவர் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான். நள்ளிரவில் சென்னை எழும்பூர் ரயில் நிலைய வாசலில் ஒரே மாடல் வெள்ளைக் கார்கள் வரிசையாக நிற்கும்போது, முழு நம்பரையும் படித்துவிட்டு ஏறுகிறவர்கள் எத்தனை பேர்?

அந்த மரணத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய பழக்கம் எளிமையானது: பயணி தன் பெயரைச் சொல்வதில்லை, டிரைவரைச் சொல்லவைக்கிறார். “ரமேஷ் பேருக்குப் புக் பண்ண வண்டியா?” என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடலாம். “யார் பேருக்கு வந்திருக்கீங்க?” என்றால் அழைப்பை ஏற்றவருக்கு மட்டுமே விடை தெரியும். நம்பர், முகம், பெயர் மூன்றும் பொருந்திய பிறகு ஓடிபி சொல்லலாம். இந்தியாவில் டாக்சிகளின் பின்கதவில் குழந்தைப் பூட்டு இருக்கக் கூடாது என்ற விதி 2019 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கதவைச் சாத்தும் முன் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

‘ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டே இருக்கும்’ என்ற வாதத்துக்கு 2018 ஆகஸ்டில் சீனாவின் யுவேச்சிங்கில் நடந்ததே பதில். தீதீ காரில் போன இளம்பெண் ஆபத்தில் இருப்பதாகத் தோழிக்குச் செய்தி அனுப்பினார். தோழிகள் நிறுவனத்தை மாறி மாறி அழைத்தும் டிரைவரின் விவரம் உடனே கிடைக்கவில்லை. அந்தப் பெண் கொல்லப்பட்டார். முந்தைய நாள்தான் இன்னொரு பெண் அதே டிரைவர் மீது புகார் கொடுத்திருந்தார். நிறுவனம் உரிய நேரத்தில் விசாரிக்கவில்லை. அந்தப் புகாரை அன்றே விசாரித்திருந்தால் மறுநாள் அந்த டிரைவர் வண்டி எடுத்திருக்கவே முடியாது. இந்தக் குற்றத்தில் பயணி தலையில் கட்ட எதுவுமே இல்லை. மற்றவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பயணத் தகவலை வெறுமனே பகிர்ந்தால் போதாது, அந்த நேரத்தில் விழித்திருந்து பார்க்கிற ஒருவருக்குப் பகிர வேண்டும். வழி மாறினால் முதல் அழைப்பு அவசர உதவி எண் 112க்குப் போகட்டும், நிறுவனத்துக்கு அப்புறம்.

ஆப்பில் இருக்கும் பயணப் பதிவையும் பலர் தாங்களே அழித்துவிடுகிறார்கள். “கேன்சல் பண்ணிடுங்க சார், அதே காசை எங்கிட்ட நேரா கொடுத்துடுங்க.” கமிஷன் சுமையில் தவிக்கும் டிரைவரின் நியாயம் புரிகிறது. ஆனால் ரத்து செய்த நிமிடத்தில் வரைபடம், அவசரப் பொத்தான், பயணப் பதிவு எல்லாமே போய்விடும்.

இதெல்லாம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது என்று ஆண்கள் ஒதுங்குவதும் சரியல்ல. 2022 ஜூலையில் சென்னையை அடுத்த நாவலூரில், ஓடிபி தொடர்பாக எழுந்த தகராறில் வாடகைக் கார் டிரைவர் தாக்கி, குடும்பத்தோடு வந்திருந்த மென்பொருள் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். குரல் உயரும் வண்டியிலிருந்து எந்த வயதினரும் இறங்கி விலகிவிடலாம். நியாயத்தைப் பிறகு புகாரில் கேட்கலாம்.

கடைசியாக, ஆபத்து என்றாலே கெட்ட டிரைவர்தான் என்ற எண்ணம். ஊபரின் அதே அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 97 விபத்துகளில் 107 பேர் இறந்ததையும் சொல்கிறது. இந்தியாவில் 2022இல் சீட் பெல்ட் அணியாததால் இறந்தோர் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் பயணிகள். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தனர். பின்னால் இருந்த இருவரும் இறந்தனர். நம் ஊர் டாக்சிகள் பலவற்றில் பின்சீட் பெல்ட்டின் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வண்டி கிளம்பும் முன் டிரைவரிடம் அதை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்க முடியாது என்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு, ரத்து செய்ததற்கான காரணத்தையும் செயலியில் பாதுகாப்புப் புகாராகவே எழுதிவிடலாம்.