சிலம்பும் கைக்குட்டையும்

துன்பத்தில் முடியும் நாடகங்களை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டா என்பர் சிலர். இளம் உள்ளம் சோர்வடையும் என்பது அவர்தம் கருத்து. அஃது ஏற்கத்தக்கதன்று.

ஆங்கில வகுப்பில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைக் கற்கும் மாணவன் காண்பது யாது? 1604-இல் நடிக்கப்பெற்ற அந்நாடகத்தின் தலைவன் வீரமும் நேர்மையும் வாய்ந்த படைத்தலைவன். இயாகோ என்னும் வஞ்சகனின் சூழ்ச்சியால் அவன் மனைவியின் கைக்குட்டை பிறனொருவன் கையிற் சேர்கிறது. அதனையே சான்றாகக் கொண்டு, குற்றமற்ற அவளைக் கொல்கிறான். உண்மை வெளிப்பட்டதும் தன்னுயிரையும் மாய்த்துக்கொள்கிறான்.

போடிநாயக்கனூர் மாணவனுக்கு இத்தகைய கதை புதிதன்று. அவ்வூரை அடுத்து உயர்ந்து நிற்பது ஏலமலை. அதற்குத் தெற்கே, கூடலூரை ஒட்டிய மலைமுடியில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கே ஏறிச்சென்று வழிபடுவர். கண்ணகி கணவனை இழந்தது எதனால்? பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். கோவலனிடமிருந்த சிலம்பே குற்றத்திற்குச் சான்றாயிற்று. பிழை விளங்கியதும் மன்னனும் அரியணையிலேயே வீழ்ந்து உயிர் துறந்தான்.

ஒதெல்லோவும் பாண்டியனும் தீயோர் அல்லர். தீயோன் கெட்டால், அது தகும் என்று மனம் அமைதியுறும். நல்லோன் ஆராயாமையால் கெடும்போதோ, இப்பிழை தனக்கும் நேரக்கூடும் என்ற அச்சம் கற்போன் நெஞ்சில் எழும். அவ்வச்சமே அறிவின் தொடக்கம்.

போடியில் ஏலக்காய் வாங்கும் வணிகர், காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்த பின்னரே விலை கூறுவர். காய்க்கே அத்துணை ஆராய்ச்சி வேண்டுமெனின், ஓர் உயிரைப் பற்றிய தீர்ப்புக்கு எத்துணை வேண்டும்! இதனை உணர்த்தும் நாடகம் உள்ளத்தைச் சோர்வுறச் செய்வதன்று, விழிப்புறச் செய்வதாகும்.