கோடையில் கூடும் கல்லூரி

பங்குனி கழிந்து சித்திரை பிறக்குங்கால் தேர்வுகள் ஒருவாறு முடிவெய்துகின்றன. மாணவர் தத்தம் ஊர்க்கு மீளுகின்றனர். அக்காலத்தை விடுமுறை என்கிறோம். அச்சொல்லிற்குப் பலர் கொண்டிருக்கும் பொருள் கல்வியினின்று விடுபடுதல் என்பதே. நமது நாட்டு உழவர்க்கோ, அறுவடை முடிந்து, களம் ஒழிந்து, ஏர் கொட்டிலிற் கிடக்கும் இந்நாட்களே ஓய்ந்திருந்து கேட்டற்கும் கற்றற்கும் உரியன. ஆண்டு முழுவதும் கற்பவர் கல்வியை நிறுத்தும் அதே திங்களில், ஆண்டு முழுவதும் உழைப்பவர் கல்வியைத் தொடங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே ஊரில் ஒரே பந்தரின்கீழ்ச் சந்திக்கக்கூடும், பெரும்பாலும் சந்திக்கின்றாரில்லை. இக்குறையைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

செஞ்சி என்றவுடன் கற்றோர் நினைவில் எழுவது அதன் கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் அம்மதிலகத்தை 1677-ஆம் ஆண்டில் சிவாஜி கைக்கொண்டதும், மொகலாயர் பல்லாண்டு முற்றுகையிட்டு 1698-ஆம் ஆண்டில் அதனைப் பற்றியதும், 1714-ஆம் ஆண்டில் இளைஞன் தேசிங்கு போரில் மடிந்ததும் பலரும் அறிந்த வரலாறு. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுட் சேர்த்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலுள்ளதாக அமைந்தது செஞ்சி ஒன்றே. இது நம்மனோர் அனைவரும் மகிழத்தக்கது. ஆயினும், கல்லால் அமைந்த செல்வத்தை உலகம் எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்ட இவ்வேளையில், அக்கோட்டையின் அடிவாரத்து ஊர்களில் சொல்லாலும் பாட்டாலும் அமைந்து கிடக்கும் மற்றொரு செல்வத்தை நாமே எண்ணிப் பாராதிருத்தல் தகுமோ? அச்செல்வமாவது கோடைதோறும் திரௌபதியம்மன் கோவில்களில் நடைபெறும் பாரத விழா.

கோட்டைக்கு அணித்தாய்ப் பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் ஒரு திரௌபதியம்மன் கோவில் உண்டு. பிற ஊர்களிலுள்ள அம்மன் கோவில்கட்கெல்லாம் அதுவே ஆதி என்பது இப்பகுதியில் வழிவழி வரும் நம்பிக்கை. பாரதப் போருக்குப் பின்னர் அம்மன் மீண்டும் தோன்றியது செஞ்சி நாட்டிலேயே என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்றொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்னும் பொருள்பட உட்டலைப்பு இட்டனர். இங்கிருந்து கூலிகளாய்க் கடல் கடந்தோர் இவ்விழாவையும் உடன்கொண்டு சென்றனர். ரீயூனியன் தீவிலும் பீஜித் தீவிலும் தீமிதி நடைபெறுதல் அதன் வழியே வந்தது. பாரதத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரிற் பிறந்தவர் என்பர். ஆதலின், இவ்வட்டாரத்தார் தம் நிலத்துப் புலவன் பாடிய நூலையே தம் நிலத்திற் கேட்கின்றனர் எனலாம்.

இனி, இவ்விழாவை நான் கல்லூரி என்றழைத்தது புனைந்துரை அன்று. அதன் பாடமுறையை உற்று நோக்குவார்க்கு இது விளங்கும். சித்திரை முதல் ஆடி வரையுள்ள திங்களில், ஊரார் இசைந்த ஒரு நாளிற் கொடியேற்றிக் காப்புக் கட்டுவர். பத்து நாளும் நடைபெறும். பதினெட்டு நாளும், அதனின் மிக்கும் நடைபெறும். நாடோறும் பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நிகழும். ஒருவர் வில்லிபாரதச் செய்யுளை இசையுடன் பாடப் பிரசங்கியார் அதனைப் பதம் பிரித்துப் பொருள் உரைத்துக் கதை நடத்துவார். இடையிடையே பழமொழியும், ஊர்ச் செய்தியும், பிற நூற்கருத்தும் விரவி வரும். இரவு பத்து மணியளவில் தெருக்கூத்துத் தொடங்கி விடியுமளவும் செல்லும். பகலிற் சொல்லிய கதையே இரவிற் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, முகவீணையும் மிருதங்கமும் முழங்க, திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என ஒன்றன்பின் ஒன்றாக நாடகங்கள் வரும். மூன்றாவதாக, முக்கியமான சில கட்டங்களைக் கூத்தரும் ஊராரும் கூடி வெட்டவெளியில் நிகழ்த்துவர். உயர்ந்த மரத்தின்மீது அர்ச்சுனன் ஏறித் தவம் புரிவான்; இறுதிநாட் காலையில் மண்ணாற் செய்த பேருருவாய்த் துரியோதனன் படுகளத்திற் கிடப்பான்; அவன் வீழ்ந்தபின் அம்மன் கூந்தல் முடிக்கப்பெறும்; அன்று மாலை அடியவர் தீமிதிப்பர்.

செவியாற் கேட்பித்து, கண்ணாற் காண்பித்து, உடலாற் செய்வித்து ஒரே பாடத்தை மும்முறை கற்பிக்கும் இம்முறையினும் சிறந்ததொன்றை நமது ஆசிரியப் பயிற்சி நூல்களில் தேடிக் காண்டல் அரிது. கட்டணமில்லை, வயது வரம்பில்லை, எழுத்தறியாமை குற்றமில்லை. கட்டியக்காரன் என்னும் பாத்திரத்தையும் ஈண்டு மறத்தலாகாது. அரசன் மேடையேறுமுன் வந்து, அவன் யார், எந்நாட்டான், எதற்காக வந்தான் என்று வினவி விடை பெறுபவன் அவனே. மன்னர் மொழியை ஊர் மொழியாக்கி, இடையே விலைவாசியையும் பெரிய மனிதரையும் எள்ளி நகைப்பவனும் அவனே. கேள்வி கேட்க அஞ்சும் மாணாக்கன் அவனைக் கண்டு கற்றுக்கொள்ள வேண்டுவது மிகுதி.

இம்மூன்றனுள் கூத்திற்கும் தீமிதிக்கும் கூட்டம் குறைவின்றிச் சேருகின்றது. பிற்பகற் பிரசங்கத்திற்கோ பெரும்பாலும் முதியோரே வந்தமர்கின்றனர். ஒலிபெருக்கி பிரசங்கியாரின் குரலை ஊரெல்லைக்கு அப்பாலும் கொண்டு செல்கின்றது. பந்தரின்கீழ் இளைஞரைக் காண்டல் அரிதாகின்றது. படித்த இளைஞர் இரவிற் சிறிது நேரம் நின்று கூத்தைப் படம் பிடித்துக்கொண்டு அகலுகின்றனர். இதனாற் கெடுவது யாது என்று வினவலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

சூதாட்டத்தில் தருமன் முதலில் தன்னை இழந்தான். பின்னர்த் திரௌபதியைப் பணயமாக வைத்து அவளையும் இழந்தான். அவையினர் அழைத்தபோது அவள் எழுப்பிய வினா ஒன்றே: தன்னை இழந்து அடிமையான ஒருவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை ஏது? வீட்டுமன் முதலிய பெரியோர் அவ்வினாவுக்கு நேரிய விடை பகர்ந்தாரில்லை. கௌரவருள் இளையவனாகிய விகர்ணன் ஒருவனே எழுந்து அவள் கூற்றே முறையென்றான். இரவுக் கூத்தில் அவளுடைய அழுகுரல் நம் நெஞ்சைப் பிளக்கின்றது. துகில் வளர்தல் கண்டு கைகூப்புகின்றோம். அவ்வினாவின் நுட்பத்தை நிறுத்தி நிதானித்து ஆராய்தற்கு இடமுள்ளது பிற்பகலில் மட்டுமே. பிற்பகல் மறைந்தால் கண்ணீர் எஞ்சும், வினா மறைந்துவிடும். வினா மறைந்த விழா எத்துணைப் பெரிதாயினும் வேடிக்கையாய் முடியும்.

இஃது அம்மன் கோவில் விழாவாதலின் கிறிஸ்தவக் கல்லூரியைச் சார்ந்த நமக்கு இதில் என்ன என்று கேட்பாரும் உளர். அவர்தம் மனச்சாட்சியை நான் மதிக்கின்றேன். வழிபடுதல் வேறு, கேட்டறிதல் வேறு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நாட்டு மரபாகிய குறவஞ்சியை விலக்காது, அதனையே கருவியாக்கிப் பெத்லகேம் குறவஞ்சி பாடினர். அவர் காதுகொடுத்துக் கேளாதிருந்தால் நமது சபைகட்கு அப்பாடல்கள் வாய்த்திரா. அன்றியும், அம்மனின் காவலருள் முத்தால ராவுத்தன் என்னும் முகம்மதிய வீரன் ஒருவன் வைத்து எண்ணப்படுகின்றான். பிற சமயத்தானுக்குத் தன் வாயிலிலேயே இடம் வைத்த மரபு இது என்பதும் நினைக்கத்தக்கது.

இதனினும் வலியதொரு தடை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. இக்கல்லூரியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கின்றதா? நமது விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் திருவிழாவின்போது திரௌபதியம்மன் கோவிலுட் புகுந்த ஆதிதிராவிட மக்கள் தாக்கப்பெற்றனர். பிணக்கு முற்றி ஜூன் மாதத்தில் அக்கோவில் அதிகாரிகளால் முத்திரையிடப்பெற்றது. உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறக்கப்பெற்றது. 2025 ஏப்ரலிலேயே அம்மக்கள் காவலர் துணையுடன் உட்சென்று வழிபட முடிந்தது. அவையில் நீதி கேட்ட ஒருத்தியின் வாயிலிலேயே நீதி மறுக்கப்பட்டதெனின், அவ்வினாவை ஆண்டுதோறும் கேட்டும் நாம் கற்றதென்னை? இவ்விழா பயனற்றது என்று இதனாற் சிலர் முடிவு கட்டுவர். என் கருத்து மாறானது. பாடம் தவறன்று, பாடத்தைக் கேட்பார் குறைந்தனர், கேட்டவரும் அவையிலிருந்த பெரியோரைப்போல் வாளாவிருந்தனர். விகர்ணனைப்போல் எழுந்து நிற்கக் கடவோர் இளைஞரே. அவர்கள் பந்தருக்கு வெளியே நின்றால் உள்ளே மாறுதலை யார் செய்வது?

கோடையைக் கல்விக்காக்கும் முயற்சி பிற நாட்டார் கண்டு பயன்பெற்றதொன்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில், மெதடிஸ்ட் போதகர் ஜான் வின்சென்ட்டும் லூயிஸ் மில்லரும் 1874-ஆம் ஆண்டுக் கோடையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்க்கென ஒரு கூட்டம் கூட்டினர். அது வளர்ந்து இசையும் நாடகமும் சொற்பொழிவும் நிறைந்த பெருநிலையமாயிற்று. 1878-ஆம் ஆண்டு முதல் வீட்டிலிருந்தே நூல் பயில்வார்க்கு வாசிப்பு வட்டமும் அமைத்தது. அவர்கள் புதிதாய்ப் படைக்க வேண்டியிருந்ததை நாம் முன்னோரிடமிருந்து பெற்றுள்ளோம். நம் நாட்டிலும் வழிகாட்டியோர் உளர். பெருங்கட்டூர் இராஜகோபால் முதலியோர் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், சிறுவரோடு சிறுமியரும் கூத்தும் பள்ளிப்பாடமும் ஒருங்கே பயின்றனர். ஆடவரே பெண்வேடம் பூண்டு வந்த கலையில் பெண்கள் தாமே ஆடியது சிறிய மாறுதலன்று. மரபு மாற மறுப்பதன்று. மாற்றுவாரை எதிர்நோக்கியிருப்பது என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின், மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சில வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். வரும் கோடையில் உங்கள் ஊரிலோ அயலூரிலோ பாரதம் நிகழுமாயின், ஒரு பருவமேனும் பிற்பகற் பிரசங்கத்தை முழுமையாய்க் கேண்மின். ஒரு குறிப்பேட்டில் பிரசங்கியார் கூறும் உரையையும், அவர் எடுத்தாளும் பழமொழிகளையும், வழக்குச் சொற்களையும் எழுதுமின். அச்சேறாத அவ்வுரைநடை அவரோடு மறைந்துபோகும். முடிவில் ஐயம் ஒன்றை எழுந்து கேண்மின். கேள்வி கேட்கும் இளைஞனைக் காணும் பிரசங்கியார் மறுநாள் இன்னும் ஊன்றி உரைப்பார். பந்தர் கோவில் மதிலுக்கு உள்ளே இருக்குமாயின், எல்லாத் தெருவாரும் தடையின்றி வந்தமரத்தக்க பொதுவெளியில் அதனை அமைக்குமாறு ஊர்ப் பெரியோரை வேண்டுமின். வேண்டியது கிடையாதாயின் காரணம் வினவுமின்.

கல்லூரிக்கும் கடமை உண்டு. நமது தமிழ்த்துறை ஆண்டுக்கு ஒருமுறை பாரதப் பிரசங்கியார் ஒருவரையும் கூத்தாசிரியர் ஒருவரையும் அழைத்து, விருந்தினராக அன்றி ஆசிரியராக அமர்த்தி, தக்க ஊதியம் நல்கி, வில்லிபாரதத்தின் ஒரு சருக்கத்தை அவர் முறையில் நடத்துவிக்கலாம். மாணவர் குறிப்பேடுகளுட் சிறந்தவற்றை இவ்விதழில் வெளியிடலாம். இவற்றுக்காகும் செலவு சிறிது; வேண்டுவது மனமே.

செஞ்சிக் கோட்டையின் கல்லைக் காக்க அரசும் உலகும் முன்வந்துள்ளன. அதன் நிழலிற் பிற்பகல் வெயிலில் ஒரு முதியவர் செய்யுளைப் பிரித்துப் பொருள் கூறிக்கொண்டிருக்கின்றார். அவரைக் காக்க வேண்டியது எதிரிலுள்ள பாயில் நாம் சென்று அமர்தலே. அப்பாயில் எல்லார்க்கும் இடமிருக்குமாறு செய்தலும் நம் கடனே.