வீரோவா, தோஸ்தா, குட்டி யானையா?

கஞ்சிக்கோட்டில் பிழைக்க வந்த நம்மூர்க்காரர்கள், நான் பேங்கில் லோன் பார்க்கிறவன் என்று தெரிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், வீரோ எடுக்கவா, தோஸ்த் எடுக்கவா?" இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லோடு ஏற்றி, வாளையார் தாண்டி, கோயமுத்தூரில் இறக்குகிற ஓட்டம். ஒரு வழிக்குச் சுமார் 40 கி.மீ. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே.

அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு பிக்கப் என்றால் ஃபோர்டு எஃப்-150 ஞாபகம் வரும். இங்கே அந்த ஜாதியில் டொயோட்டா ஹைலக்ஸ் இருக்கிறது. 2022-ல் வந்தபோதே ஆரம்ப விலை 33.99 லட்சம். அதை விடுங்க.

நமக்குக் கதை 2005-ல் வந்த டாடா ஏஸில் ஆரம்பம். முக்கால் டன் வண்டி, நம் ஜனங்களுக்கு அது குட்டி யானை. (நிஜ யானை ரயில் பாதையைக் கடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேரைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான் :-)) 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன். 2020-ல் படா தோஸ்த். 2022-ல் டாடா இன்ட்ரா வி50, ஒன்றரை டன். 2024 செப்டம்பரில் மகிந்திரா வீரோ, 1.6 டன் வரை, 7.99 லட்சத்தில் ஆரம்பம்.

வண்டியாகப் பார்த்தால் வீரோதான் முன்னால் நிற்கிறது. டிரைவருக்கு ஏர்பேக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க உள்ளே உட்காரப்போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஷோரூமில் எல்லோரும் மைலேஜில் மயங்குகிறார்கள். கணக்குப் போடுவோம். தினம் 80 கி.மீ., மாதம் 25 நாள், 2000 கி.மீ. ஒரு வண்டி லிட்டருக்கு 14, இன்னொன்று 16 என்றால் 18 லிட்டர் வித்தியாசம். டீசல் 95 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,700. எட்டு லட்சம் லோனுக்கு 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணை சுமார் 17,000. அதில் பத்தில் ஒரு பங்குதான் இந்தச் சண்டை! கோயமுத்தூரிலிருந்து காலியாகத் திரும்பாமல் வாரம் ஒரு லோடு பிடித்தாலே அதை ஈடுகட்டிவிடலாம்.

நான் முதலில் பார்ப்பது ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையை. வண்டியும் சரக்கும் சேர்ந்து 3000 கிலோவைத் தாண்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவுப்படி பர்மிட் வேண்டாம் (வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் தனி). படா தோஸ்தில் ஐ3 இந்தக் கோட்டுக்குக் கீழே, ஐ4 மேலே. நேஷனல் பர்மிட் என்றால் வருஷத்துக்கு 16,500 ரூபாய். இந்த ஓட்டத்தில் வாடகை பேசுவது டிரிப்புக்கு, கிலோவுக்கு அல்ல. கூட 400 கிலோ ஏற்றலாம் என்ற ஆசையில் கோட்டைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லையில் இருக்கிற நமக்கு இன்னும் அதிகமாகவே.

ஆக, ஏதாவது ஒரு கம்பெனியில் நிரந்தர லோடு இருந்து, ஓட்டுவதும் நீங்களே என்றால், கோட்டுக்குள் நிற்கிற வீரோவை எடுங்கள். லோடு இனிமேல்தான் தேடவேண்டும் என்றால் புது வண்டியே வேண்டாம், மூன்று நாலு வருஷம் ஓடிய தோஸ்த் போதும். ஷோரூம்காரருக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும்.

பழைய வண்டி பேசும்போது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி அந்த வரியைக் கிரெடிட்டில் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத தனி ஆளுக்குத்தான் இது நிஜமான லாபம், பழைய வரியில் நூறு ரூபாய்க்கு வந்த வண்டி ஏறத்தாழ 92-க்கு வரும். புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? புரோக்கர் பழைய ரேட்டையே சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் எழுதிக் காட்டுங்கள்.