ஒரு மழைக்காலம் தாண்டட்டும்

நசரத்பேட்டையில் ஹெட்போனைச் சோதித்துப் பார்க்கத் தனி ஆய்வகம் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் சந்திப்பில் போய் நின்றால் போதும். பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் இங்கேதான் குறுக்கே சந்திக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்டு முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள், பூந்தமல்லிக்கு ஆள் கூப்பிடும் ஷேர் ஆட்டோக்கள் என்று எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இங்கே சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு அந்த வரம்பு நள்ளிரவில்கூடக் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் வைத்துத்தான் காதுக்கும் கேமராவுக்கும் துணையாக வாங்கும் சாமான்களை நான் எடைபோடுகிறேன். ஏரிக்கரை ஊர்களில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. மைக், ட்ரைபாட், கார்டு, கேபிள் எல்லாம் தினமும் பைக்குள் போய் வருகின்றன. அவை வாங்கிய வாரம் எப்படி இருந்தன என்பதைவிட, ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் கடந்த பிறகு எப்படி இருக்கின்றன என்பதே எனக்கு முக்கியம்.

முதலில் இரைச்சல் நீக்கும் ஹெட்போன். வெளியே உள்ள சின்ன மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஒலிபெருக்கி எழுப்புகிறது. இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சீராக ஓடும் அடிக்குரல் சத்தத்துக்கு இது அருமையாக வேலை செய்கிறது. பஸ் எஞ்சின், ஏசி, மின்விசிறி, நின்றபடி உறுமும் லாரி, இவை மறைந்தே போகும். ஏர் ஹாரன் அப்படியில்லை. திடீரென்று எழுந்து கூர்மையாக வருவதை மின்னணுவால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. அதைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பர் முனைதான். ஆகவே பெட்டியோடு வரும் சிறிய, நடுத்தர, பெரிய முனைகளைப் பொறுமையாக மாற்றிப் பார்ப்பது பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிடப் பலன் தரும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை.

மே மாதத்தில் இன்னொன்று தெரியவரும். வியர்வையில் முனை நழுவும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. காதை மூடும் பெரிய ஹெட்போனில் மெத்தைதான் முதலில் போகிறது. அது பெரும்பாலும் தோல் அல்ல, பாலியூரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதிமுறையில் சிதைந்து கறுப்புச் செதிலாக உதிரும். சென்னைக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மெத்தை தனியாகக் கிடைக்குமா, கையாலேயே கழற்றி மாட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இசை எப்படி ஒலிக்கிறது என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கத்தை ஆடம்பரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. பஸ்ஸில் லாரிச் சத்தத்தை வெல்ல வேண்டும் என்று பாட்டுச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிற கல்லூரிப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சுற்றியுள்ள சத்தம் குறைந்தால் அவர்கள் பாதி ஒலியிலேயே கேட்பார்கள். ஆனால் அதே பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு இரு சக்கர வண்டியில் இந்தச் சந்திப்பைக் கடக்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. வண்டி ஓட்டும்போது காது திறந்திருக்க வேண்டும்.

பேசுவதற்கு வாங்குகிறவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். ப்ளூடூத் இயர்போனில் பாட்டு ஓடும்போது தரவு ஒரே திசையில் போகிறது. மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் அது அழைப்பு முறைக்கு மாறிவிடும். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள், அதற்கடுத்து வந்ததில் 16,000 முறை. சிடியில் பாட்டுக்கு அது 44,100. பாட்டு தேனாக ஒலித்த அதே இயர்பட்ஸில் அழைப்பு வந்தவுடன் குரல் தகரத்தில் பேசுவதுபோல் ஆவது இதனால்தான். கடையில் பாட்டைப் போட்டுக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நடுத்தெருவில் நின்று ஊரில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டு, "நான் பேசுறது தெளிவா கேக்குதாக்கா?" என்று கேளுங்கள். நம் குரல் எதிர்முனையில் எப்படி விழுகிறது என்று அவர்தான் சொல்ல முடியும்.

பதிவு செய்யும் மைக்குகளோடு எனக்குப் பழக்கம் அதிகம். செம்பரம்பாக்கம் ஏரியின் கரைமேல் உட்கார்ந்து ஒருவர் பேசும்போது, பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். மைக் தலையில் வரும் கறுப்பு நுரை உறை வாயிலிருந்து வரும் மூச்சடிப்பை மட்டுமே தடுக்கும். திறந்தவெளிக் காற்றுக்கு ரோம உறை வேண்டும். காற்று மைக்கில் மோதி எழுப்பும் உறுமல் பதிவானபிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக நீக்க முடியாது, முயன்றால் கூடவே குரலின் உடம்பும் போய்விடும். எவ்வளவு நல்ல மைக்கானாலும் பெட்டியில் ரோம உறை இல்லையென்றால் ஏரிக்கரைக்கு அது பாதி மைக்தான்.

"சேலையில குத்துனா ஓட்ட விழாதா தம்பி?" என்று கிளிப் மைக்கைப் பார்த்து ஒரு பாட்டி கேட்டார். "குத்தலீங்க பாட்டி, வெறும் கிளிப்புதான்" என்று சொல்லி முந்தானை ஓரத்தில் மாட்டினேன். பருத்திச் சேலை பிரச்சினை தருவதில்லை, கஞ்சி போடாமல் இருந்தால். பட்டுச் சேலையும் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்தால் சரசரப்பும் கிணுகிணுப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப்பால் துணியோடு மைக்கை ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம் சரியான இடம். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் குரல் 6 டெசிபல் குறையும். பின்னணி இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். மைக்கின் விலையைவிட இந்த ஒரு சாண் பெரிய விஷயம்.

ஒயர் மைக்கா, வயர்லெஸ்ஸா என்று பலர் கேட்கிறார்கள். போயா நிறுவனத்தின் பிஒய்-எம்1 போன்ற ஒயர் மைக்கை எத்தனையோ யூடியூப் நண்பர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். 6 மீட்டர் ஒயர், ஒரு பொத்தான் பேட்டரி, சார்ஜ் பற்றிய கவலை இல்லை. தொல்லை முனையில் வருகிறது. பல புது போன்களில் வட்டத் துளை இல்லை. அதற்கு டைப்-சி மாற்றி வேண்டும். அந்த மாற்றிகளில் இரண்டு வகை உண்டு. உள்ளே சிப் இருப்பது ஒன்று, வெறும் ஒயர் இணைப்பாக இருப்பது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் போனுக்கு எது ஒத்துப்போகும் என்பது அந்த போனிலேயே மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வயர்லெஸ் மைக் பெட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். நடுவில் எதுவும் மறைக்காத திறந்தவெளியில் அது கிடைக்கலாம். ஆனால் பெரும்பாலான மலிவு மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகின்றன. வைஃபையும் ப்ளூடூத்தும் அதே தெருவில்தான் நடமாடுகின்றன. போதாததற்கு, மனித உடம்பிலுள்ள நீர் அந்த அலையை விழுங்கும். ஏரிக்கரையில் ஒரு குறையும் இல்லாத மைக், பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கல்யாண மண்டபத்தில், நூற்றுக்கணக்கான போன்களுக்கு நடுவே, பேசுகிறவர் முதுகைத் திருப்பியவுடன் அறுந்து அறுந்து வரும். ஒரே பொருளுக்கு இரண்டு தீர்ப்பு, இரண்டுமே உண்மை. எங்கே வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்லாத விமர்சனத்தால் எனக்குப் பயனில்லை. மண்டபத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தால், சட்டையில் மாட்டும் துண்டிலேயே தனியாகப் பதிவாகும் வசதி உள்ள மைக்கைத் தேடுங்கள்.

கேமரா பக்கம் வந்தால், லென்ஸ் முன்னால் மாட்டும் யுவி ஃபில்டரைக் கடைக்காரர்கள் கட்டாயப்படுத்தி விற்கிறார்கள். டிஜிட்டல் கேமராவின் உள்ளேயே புற ஊதாக் கதிருக்குத் தடுப்பு உண்டு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பகலில் தெரியாது. இரவில் நெடுஞ்சாலையைப் படமெடுங்கள், ஒவ்வொரு முகப்பு விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வந்து நிற்கும். இடிபடாமல் லென்ஸைக் காக்க முன்னால் மாட்டும் ஹூட் போதும். எம் சாண்ட் லாரிகள் புழுதி கிளப்பும் இடத்தில் நின்று எடுக்கும்போது மட்டும் நல்ல பூச்சுள்ள ஃபில்டரை மாட்டுகிறேன்.

மெமரி கார்டில் வி30 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் 4கே படத்துக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் போதும். அதற்கு மேல் பெரிய எண் தேடிக் காசு கரைக்க வேண்டாம். கவனம் வேண்டியது போலிகளிடம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் கார்டு, உண்மையான இடம் தீர்ந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாக நடிக்கும். முழுக் கார்டையும் நிரப்பித் திருப்பிப் படித்துச் சரிபார்க்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதுக் கார்டு இந்தச் சோதனையில் தேறாமல் நான் அதை வேலைக்கு எடுத்துப் போவதில்லை. எண்பது வயதுக்காரர் ஒருவர் சொன்னதை மறுபடியும் அதேபோலச் சொல்லச் சொல்லிக் கேட்க முடியாது.

ட்ரைபாடில் ஒரு நல்ல செய்தி. கேமராவின் அடியில் உள்ள திருகு துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. உலகமெங்கும் இதே அளவு, ஐஎஸ்ஓ 1222 என்று தரநிலையே உண்டு. அந்தத் திருகு நம்மைக் கைவிடுவதில்லை. கைவிடுவது அதன் மேலுள்ள பிளாஸ்டிக் தட்டு. அந்தத் தட்டின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடைந்தால் ட்ரைபாடே வீண். உலோகத் தட்டு, அதுவும் தனியாக வாங்கக் கிடைப்பது, இதுதான் என் அளவுகோல்.

கேபிள் கதையும் இதுதான். நடுவில் எந்தக் கேபிளும் அறுவதில்லை, கழுத்தில்தான் அறுகிறது. ரிச்சி தெருக் கடை ஒன்றில் கேட்டேன். "வாரண்டி இருக்கு சார், ஆறு மாசம். ஒயருக்குக் கிடையாது" என்றார் கடைக்காரர். உடையக்கூடிய ஒரே பகுதிக்கு உத்தரவாதம் இல்லை. சார்ஜருக்கு வருவோம். நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூரில், 2014இல் மூடிய நோக்கியா தொழிற்சாலையின் இடத்தில், ஃபின்லாந்தில் தோன்றிய சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் தயாரிக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கையால் செய்த நல்ல சார்ஜர் உலகம் போகும்போது, நாம் பெயரில்லாத சார்ஜரில் போனைச் செருகி வைக்க வேண்டாம். சார்ஜரிலும் பவர் பேங்கிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் ஆர் என்ற எழுத்தோடு இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்துவிடலாம். பவர் பேங்கில் 10,000 எம்ஏஹெச் என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு. வெளியே வருவது ஏறக்குறைய 6,000 சொச்சம். அதையும் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், தேடிப் படியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். இறுக்கமாக மூடும் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். விலை உயர்ந்த துணி கேமராப் பை மழையில் நனைந்தால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலேயே கேமராவை வாரக்கணக்கில் விடாதீர்கள்.

2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையை, விருப்ப அடிப்படையில், கொண்டுவந்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்லது. எனக்கு அதோடு இன்னும் இரண்டு விவரம் வேண்டும்: எத்தனை மாதம் பயன்படுத்தினார், எந்த ஊரில் பயன்படுத்தினார். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்ட நண்பர்களே, ஆறு மாதம் கழித்து அதே பக்கத்துக்குப் போய் இரண்டு வரி சேருங்கள். கழுத்து விட்டதா, மெத்தை உதிர்ந்ததா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள். இயர்பட்ஸ் பேட்டரியைப் பயனாளியே மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. இங்கே அது வரும்வரை, எந்த மாடல் எத்தனை காலம் உழைத்தது என்று சொல்ல நம்மை விட்டால் யாரும் இல்லை.

புதிதாக ஒரு வயர்லெஸ் மைக் வாங்கியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று நாலைந்து வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. மழை முடியட்டும், தை மாதம் எழுதுகிறேன்.