சுரங்கமா, கட்டிடமா?

போடி மேற்கு மலையைக் கட்டிடம் என்று தேவாரத்தில் சிறு குழந்தையும் சொல்லாது. ஆயினும், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் அம்மலையைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் அமைக்கும் திட்டத்தை, மத்திய சர்க்கார் 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் "கட்டிட நிர்மாணம்" என்ற இனத்தில் அடக்கி, விசேஷ விஷயமாகப் பாவித்து அநுமதி அளித்தனர். இந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின் அட்டவணையில் அந்த இனம், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மாளிகைகளுக்காக ஏற்பட்டது. பெரிய சுரங்கத் தொழிலுக்கு விதித்திருக்கும், ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற கடமை இதற்கு இல்லை. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, ஒரு கிலோமீட்டர் கனமுள்ள மலையின் அடியில் 50,000 டன் இரும்புக் கருவியை நிறுத்தும் வேலையும், பட்டணத்தில் எழும் அடுக்கு வீடும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன!

விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்லோம். 1965-ஆம் வருஷத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வானிலிருந்து வரும் நியூட்ரினோவைக் கண்டவர்களில் நம் தேசத்தாரும் இருந்தனர். அந்தக் கீர்த்தி மீண்டும் நமக்கு வர வேண்டும் என்பதே நமது ஆசை. நியூட்ரினோவால் உடலுக்குத் தீங்கு என்ற பயமும் ஆதாரமற்றது. அது இந்தக் கணத்திலும் நம்மை ஊடுருவிச் சென்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கிணற்றையும், பாறையையும், காட்டையும் பற்றிக் குடியானவன் கேட்கும் கேள்வி அவ்விதமானதன்று. அதற்கு விடை கூறும் கடமையையே இனத்தின் பெயர் அகற்றிவிடுகிறது.

பலன் யாது? 2011-ஆம் வருஷத்தில் கிடைத்த முதல் அநுமதியை, மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி, பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. இரண்டாவது அநுமதியை அதே தீர்ப்பாயம் 2018 நவம்பரில் ஏற்றாலும், வனவிலங்கு வாரியத்தின் சம்மதத்தையும் பெறச் சொல்லிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கமே, புலிகள் நடமாடும் வழி இது என்று அங்கே ஆட்சேபனை தாக்கல் செய்தது. மந்திரி சபை நம் திட்டத்துக்குச் சம்மதம் தந்த அதே 2015-ஆம் வருஷத்தில் நிலத்தடி வேலையைத் துவக்கிய சீன தேசத்தார், 2025 ஆகஸ்டில் தங்கள் ஜூனோ கூடத்தில் ஆராய்ச்சியையே ஆரம்பித்துவிட்டனர்.

புதிய தொழில் நுட்பங்களைக் கையாளும் ஸ்தாபனங்களில் சம்பளம் பெற்று ஆலோசனை கூறும் சட்ட நிபுணர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். எந்த இனத்தில் விண்ணப்பித்தால் தொல்லை குறைவு என்று தேடுவது எளிது. அது தவறென்று எஜமானனிடம் எழுதிக் கொடுப்பது கடினம். தொழில் புரியும் வக்கீலுக்குரிய ரகசியப் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2025 அக்டோபர் 31-ஆம் தேதி கூறிவிட்டது. அவர்கள் குறிப்புகள் ஒருநாள் வெளிச்சத்துக்கு வரக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மத்திய சர்க்கார் அட்டவணையைத் திருத்த வேண்டும். விஞ்ஞான ஆராய்ச்சிக்காக மலையைக் குடையும் வேலைகளுக்குத் தனி இனம் ஒன்று ஏற்படுத்தி, அறிக்கை முழுவதையும் தமிழில் அச்சிட்டு, பொட்டிப்புரம் போன்ற கிராமங்களின் நடுவிலேயே விசாரணை நடத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு முன் வேறு எந்த மலைக்கும் கட்டிடம் என்று பெயர் சூட்டக் கூடாது.