நோயறியாமல் மருந்திடல்

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் யாம் கண்டதொன்று இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

சித்தேரி கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அம்மலைமீது சிதறிக் கிடக்கின்றன. பெரிய மருத்துவமனையை நாட வேண்டுமாயின் அரூர்க்கு இறங்க வேண்டும். ஆதலின் அங்கு ஒருவர் வாயிலில் நிற்கும் கார் அவர்க்கு மட்டும் உரியதன்று. ஊரார் அனைவரும் அதனை நம்பியிருப்பர். எமக்கு விருந்தளித்த அன்பரிடம் பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாஸிடர் ஒன்று இருந்தது. 2014ஆம் ஆண்டோடு அவ்வகை வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்டது.

மார்கழிப் பனியில், வைகறைப் பொழுதில், அன்பரின் தாயார்க்கு மூச்சுத் திணறல் கண்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. ஒருவாறு பற்றியபின்னும், ஆக்ஸிலரேட்டரினின்று காலை எடுத்தவுடன் நடுங்கி அணைந்தது. அண்டை ஊரிலிருந்து ஜீப் ஒன்று வந்துசேர இரண்டு மணி நேரமாயிற்று. இறையருளால் அம்மையார் பிழைத்தார்.

இதில் எம்மை வருத்தியது யாதெனில், அவ்வண்டி அதற்கு முந்திய இரு திங்களில் மூன்று முறை சமவெளியிலுள்ள ஒரு பணிமனைக்குச் சென்று வந்திருந்தது என்பதே. முதன்முறை பேட்டரி மாற்றினர், பின்னர்ப் பிளக்குகள் நான்கும், அதன்பின் காயில். ஒவ்வொரு முறையும் பணம் போயிற்று, நோய் போகவில்லை.

மறுநாள், லாரி ஓட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர் வந்தார். அவர் ஸ்பானரைத் தொடுமுன் வினாக்களையே தொடுத்தார். "தம்பி, காலையில் மட்டுமா, சூடான பின்னுமா? ரோட்டில் ஓடும்போது இழுவை இருக்கிறதா?" காலையில் மட்டும் தொல்லை, ஓட்டத்தில் குறையில்லை, நின்றால் நடுக்கம். இம்மூன்றையும் கேட்ட அளவிலேயே அவர் பாதி நோயை அறிந்தார் என எண்ணுகிறோம். சூடான எஞ்சின் மறுபடி பற்ற மறுக்குமாயின், பெட்ரோல் வெப்பத்தால் குழாயிலேயே ஆவியாகியிருத்தலும் ஒரு காரணமாகலாம். மலையேறிய ஓட்டுநர் பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணி சுற்றுவது அது கருதியே. குளிர்ந்த எஞ்சினின் நோய் வேறு. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை; ஆதலின் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுவிக்கவே சோக் அமைந்துள்ளது. எங்கேனும் வேண்டாத காற்று புகுமாயின் அம்முயற்சி வீணாகும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கருமை படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, நனைந்திருப்பின் பற்றாத பெட்ரோலின் வெள்ளம், இதுவோ வெளுத்திருந்தது. எஞ்சினை வருந்தி ஓடவிட்டுச் சோக்கைச் சிறிதே இழுத்தார், நடுக்கம் தணிந்தது. காற்று மிகுந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. பின் சோப்பு நீரைக் கார்பரேட்டரின் அடிப்பொருத்தில் சிறிது சிறிதாகத் தெளித்தார். ஓரிடத்தில் ஒலி மாறிற்று. அங்கே பேக்கிங் வெடித்திருந்தது. (இச்சோதனைக்குப் பெட்ரோலையே தெளிப்பாரும் உளர், அது தீயை வலிந்தழைப்பதாகும்.)

பணிமனையார் ஏன் இதனைக் காணவில்லை? எஞ்சின் மெல்ல ஓடுங்கால் கார்பரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். அதன் கீழே வெற்றிடம் மிகும். ஊசித்துளையும் ஆங்கே பெருவாயிலாகும். விரைந்தோடுங்கால் அத்துளைக் காற்று பெருங்காற்றில் கரைந்துவிடும். அவர்களோ நண்பகலில், சூடான எஞ்சினை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து, குறையில்லை என்றனர். அன்றியும், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும். ஆதலின் கீழே திருத்திய ஐட்லிங் மேலே அவ்வாறே நில்லாது. மேலே ஓடும் வண்டியை மேலேயே திருத்தவேண்டும் என்றார் முதியவர்.

இக்காலத்தில் பழைய கார் உடையோர் எல்லாக் குறைக்கும் பெட்ரோலிற் கலந்த எத்தனாலையே காரணமாக்குகின்றனர். நூற்றுக்கு 20 பங்குக் கலப்பு 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் நீரை ஈர்ப்பதும், பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுப்பதும், குளிரில் ஆவியாகத் தயங்குவதும் மெய்யே. ஆயினும் ஆராயாமல் அதன்மேற் பழி சுமத்துவதும், ஆராயாமல் காயில் மாற்றுவதும் எம் கருத்தில் ஒன்றே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைத் தேர்வுக்காக மனனம் செய்யும் நாமும் காய்ச்சலென்றவுடன் மாத்திரை தேடுகிறோமே. பணிமனையாரை மட்டும் குறைகூறல் தகுமா? வாயிலில் பத்து வண்டி காத்திருக்க, ஒரு வண்டியின் வரலாற்றைக் கேட்க அவர்க்கு நேரமேது? வண்டியுடையோரே எப்பொழுது, எந்நிலையில் குறை தோன்றுகிறது எனக் குறித்துச் சென்று கூறுவாராயின் பாதி வேலை முடிந்துவிடும்.

புதுப் பேக்கிங் இட்டபின் வண்டி விடியற்பனியிலும் முதற் சுழற்சியிலேயே பற்றிற்று. மாற்றி எறிந்த பழைய காயிலை அன்பர் பரணினின்று எடுத்து வந்தார். முதியவர் அதனை வண்டியிற் பூட்டிச் சோதித்தார். பொறி நீலநிறமாய் நன்றாகவே தெறித்தது.